கோடு போட்ட தோப்பும் ஐந்து நாள் பயணமும்

முதல் நாள்: கொழிஞ்சாம்பாறை

தாள்தான் எனக்குச் சோறு போடுகிறது. மடத்துக்குளத்தில் நோட்டு பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ரீம் ரீமாக வாங்கி, மடித்து, தைத்து, ஓரம் வெட்டிப் பள்ளிகளுக்குக் கொடுக்கிற தொழில். தாள் வந்து இறங்கியதும் விரலால் சுண்டிப் பார்ப்பேன். பேனாவால் ஒரு கோடு இழுத்து மை கசிகிறதா என்று பார்ப்பேன். அதற்கு மேல் எதுவும் கேட்டதில்லை. அது எந்த மரம், எவர் தோட்டத்தில் நின்றது என்பதெல்லாம் இருபது வருடத்தில் ஒரு தடவைகூட மனதில் வந்ததில்லை.

தம்பிக்குப் பெண் கொடுத்த ஊர் கொழிஞ்சாம்பாறை. பெயருக்குத்தான் பாலக்காட்டு மாவட்டம். டீக்கடையில் தமிழ், கோயில் நோட்டீசில் தமிழ், பஸ் போர்டில் மட்டும் மலையாளம். தம்பியின் மாமனாருக்கு அங்கே மூன்று ஏக்கர் தென்னை. வெள்ளை ஈ ஒரு பக்கம், எட்டுநூறு அடிக்குப் போன போர் இன்னொரு பக்கம். அவருக்கும் வயதாகிவிட்டது. "தென்னையை எடுத்துட்டுத் தைல மரம் வெச்சிடலாம்னு மாமா சொல்றார்க்கா. நீ ஒருக்கா வந்து பாரு" என்றான் தம்பி. எனக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும்? "தாள் யாவாரம் பண்றியல்ல" என்றான். அந்தத் தர்க்கத்துக்கு என்னிடம் பதில் இல்லை. கடைக்கு ஐந்து நாள் லீவு விட்டுவிட்டு அவனுடைய பிக்கப் வண்டியில் ஏறிவிட்டேன். அவன் காய்கறி வியாபாரி. வாரம் ஒரு முறை வட்டவடைக்குப் போய்ப் பூண்டும் கேரட்டும் ஏற்றி வருகிறவன். அந்த நடையையும் இதோடு சேர்த்துக்கொண்டான்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பத்து வருடமாகத் தைல மரம், அதாவது யூகலிப்டஸ், வைத்திருக்கிறார். நாங்கள் போனபோது வெட்டு நடந்துகொண்டிருந்தது. மெஷின் வாள் ஒரு பக்கம் அலற, இன்னொரு பக்கம் பெண்கள் உட்கார்ந்து பட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஆலைக்குப் பட்டை இல்லாமல்தான் போக வேண்டுமாம். பச்சைப் பட்டை வாழைமட்டை மாதிரி நீளமாகக் கிழிந்து வருகிறது. உள்ளே இருக்கும் கட்டை ஈரமாக, வெண்ணெய் நிறத்தில் வழவழவென்று இருக்கிறது. தோட்டம் முழுக்கச் சளிக்குப் பூசும் தைலத்தின் வாசனை.

அண்ணன் எங்களை இரண்டு துண்டுகளுக்கு அழைத்துப் போனார். முதல் துண்டு, அவர் ஆரம்பத்தில் பாலிதீன் பாக்கெட்டில் விதை நாற்று வாங்கி வைத்தது. ஒரு மரம் தொடை பருமன், அதை ஒட்டியே ஒன்று கைத்தடி பருமன். ஒன்று இடுப்பு உயரத்திலேயே கவை பிரிந்திருந்தது. ஒன்று பக்கத்து மரத்தின் நிழலுக்குப் பயந்த மாதிரி சாய்ந்து நின்றது. எல்லாம் ஒரே நாளில் நட்டவை. இரண்டாவது துண்டு குளோன், அதாவது விதையில்லாமல் தாய் மரத்தின் தளிரிலிருந்தே எடுத்த நாற்று. வரப்பில் நின்று பார்த்தால் மரங்கள் கோடு போட்ட நோட்டு மாதிரி நின்றன. ஒரே பருமன், ஒரே உயரம், கிளை பிரிகிற இடம்கூட ஒரே மட்டம். அழகுதான். ஆனால் கொஞ்ச நேரம் பார்த்தால் ஒரு மாதிரி கூச்சமாக இருக்கிறது, ஒரே முகம் உள்ள ஆட்கள் வரிசையில் நின்று நம்மைப் பார்ப்பதுபோல.

"மூணு மீட்டருக்கு ரெண்டு மீட்டர் இடைவெளி. ஏக்கருக்கு 670 மரம் வரும். விதை நாத்துல பாதி மரம் சாப்பிடும், பாதி மரம் வேடிக்கை பாக்கும். குளோன்ல எல்லாமும் சாப்பிடும்" என்றார் அண்ணன்.

சாப்பிடும் என்று அவர் சொன்ன சொல் எனக்கு ராத்திரி வரைக்கும் மனதில் நின்றது.

இரண்டாம் நாள்: வாளையார்

வாளையாருக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு குளோன் நாற்றங்கால். நடத்துகிறவர் முன்பு ஒரு காகித ஆலையின் மரப்பண்ணைப் பிரிவில் வேலை பார்த்தவர். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். நானும் நிறுத்தவிடவில்லை.

தம்பி முதலில் கேட்டது: "குளோன்னா அந்த டாலி ஆடு மாதிரிங்களா?"

அவர் சிரித்தார். "முருங்கைப் போத்து வெட்டி ஊணுறோமே, அது என்னங்க? கரும்புக் கரணை? மரவள்ளிக் குச்சி? எல்லாமே குளோன்தான். தாய் எப்படியோ அப்படியே பிள்ளை. தகப்பன் கலப்பே கிடையாது."

அப்படியானால் நல்ல தைல மரத்தின் கிளையை வெட்டி ஊன்றிவிட்டால் போதுமே என்றேன். அங்கேதான் சிக்கல். தைல மரம் வளர்ந்துவிட்டால் அதன் கிளைக் குச்சி வேர் விடாது. இளம் தளிர்தான் வேர் விடும். வயதான மரத்தில் இளம் தளிர் வர வழக்கமான வழி, மரத்தை அடியோடு வெட்டுவது. வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு கிளம்பும். அந்தத் தளிருக்கு மட்டும் குழந்தைக் குணம் திரும்ப வந்திருக்கும். ஆயிரக்கணக்கான மரங்களில் தேடித் தேடி ஆகச் சிறந்ததைக் கண்டுபிடித்து, கண்டுபிடித்ததும் அதை வெட்டிவிடுகிறார்கள். பெருக்குவதற்கு அப்படித்தான் செய்கிறார்கள்.

அந்தச் சிறந்த மரத்துக்குப் பிளஸ் மரம் என்று பெயர். உயரம், பருமன், நேர்த்தி, கிளைக் கட்டு, நோய் இல்லாமை எல்லாவற்றையும் பார்த்து, சுற்றி நிற்கும் ஐந்து மரங்களோடு ஒப்பிட்டு மார்க் போடுவார்கள். மார்க் வாங்கியதும் வேலை முடிந்துவிடாது. மரம் பெருத்தது பிறவிக் குணத்தாலா, அல்லது அதன் காலடியில் ஒரு வாய்க்கால் கசிந்ததாலா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் அதன் குளோன்களைச் செம்மண், கரிசல், களர் என்று பல இடங்களில் நட்டு, வருடக்கணக்கில் அளப்பார்கள். அந்தப் பரீட்சையில் பெரும்பாலானவை தோற்றுப்போகும். நின்றவைக்கு மட்டும் ஒரு எண் கிடைக்கும். பத்ராச்சலம் காகித ஆலை 1989இல் இந்த வேலையை ஆரம்பித்தது. அங்கிருந்து வந்த 413, 526, 2045 என்கிற எண்களை நம் பக்கத்து விவசாயிகள் நெல் ரகத்தின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள். உலகத்துக்கு வழிகாட்டியது பிரேசிலின் அராக்ரூஸ். அங்கே இந்த முறையை வளர்த்தவர்களுக்கு 1984இல் ஸ்வீடனின் மார்க்கஸ் வாலன்பர்க் பரிசு கிடைத்தது.

"எவ்வளவு வித்தியாசம் வரும்?" தம்பிக்கு அதுதான் வேண்டும்.

மழையை நம்பிய விதை நாற்றுத் தோட்டங்களில் ஹெக்டேருக்கு வருடம் பத்து கன மீட்டர் வந்தாலே அதிகம். நல்ல மண்ணில், நல்ல பராமரிப்பில் குளோன் 20, 25 கன மீட்டர் தரும் என்பதுதான் ஆலைகள் சொல்கிற கணக்கு. "நல்ல மண்ணுல. அந்த ரெண்டு சொல்லை மட்டும் மறந்துடாதீங்க" என்றார். நர்சரிக்காரர் ஒருவர் இதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

விதை நாற்று ஏன் அவ்வளவு மோசம் என்பதற்கும் ஒரு கதை உண்டு. நந்தி மலையில் 1790 வாக்கில் திப்பு சுல்தான் நட்டதாகச் சொல்லும் மரங்களின் வழிவந்ததுதான் 'மைசூர் கம்'. தென்னிந்தியா முழுக்கப் பரவியது அதுதான். சில மரங்களின் பிள்ளைகள், அவற்றின் பிள்ளைகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து வாங்கியதில் வீரியம் குறைந்துபோனது. கோவை வனமரபியல் நிறுவனம் 1988இல் தொடங்கிய பிறகு, ஆஸ்திரேலியாவிலிருந்து புது இரத்தம் கொண்டுவந்து சோதனை நடவு செய்தார்கள். ஒரே இனம்தான், கமால்டுலென்சிஸ். ஆனால் குயின்ஸ்லாந்தின் பெட்போர்டு ஊர் விதையும் வடக்கே கேத்தரின் ஊர் விதையும் இன்னொரு ஊர் விதையும் நம் மண்ணில் வேறுவேறாக நடந்துகொண்டன. மரத்துக்கும் பூர்வீகம் உண்டு என்பது இது.

ஒரு பூங்கொத்தை ஒடித்து வந்து காட்டினார். மொட்டின் தலையில் குல்லா மாதிரி ஒரு மூடி. பூ மலரும்போது அந்த மூடி கழன்று விழுந்து மகரந்த இழைகள் குஞ்சம் மாதிரி விரிகின்றன. யூகலிப்டஸ் என்ற கிரேக்கப் பெயரே 'நன்றாக மூடியது' என்றுதான் பொருள்படுமாம். இரண்டு இனங்களைக் கலக்க வேண்டுமானால் மூடியைக் கையால் அகற்றி, மகரந்த இழைகளை வெட்டி எறிந்து, பை கட்டிவிட்டு, சூல்முடி பக்குவப்படும் வரை காத்திருந்து, வேறு மரத்தின் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு. பூ தானாகவே முதலில் மகரந்தத்தை உதிர்த்துவிட்டு, அப்புறம்தான் சூல்முடியைத் தயார் செய்யும். தன்னையே மணந்துகொள்ளக் கூடாது என்கிற ஏற்பாடு. ஆனாலும் அதே மரத்தில் பக்கத்துப் பூ இருக்கிறதே. தேனீக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் தெரியாது.

இனி எனக்குப் பிடித்த பகுதி. "ஆலைக்காரங்க மரத்துல என்ன பாக்குறாங்க?" என்று கேட்டேன்.

தைல மரத்தின் நார் குட்டை. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பைன் மர நார் அதைப்போல மூன்று மடங்கு. குட்டை நார் தாளை வழவழப்பாக்கும், அச்சு பளிச்சென்று விழும், ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கம் தெரியாது. நீள நார்தான் கிழியாத உறுதியைத் தரும். இதைக் கேட்டதும் எனக்கு ஒரு புதிர் அவிழ்ந்தது. பழுப்பு அட்டைப்பெட்டித் தாளை மடித்தால் முறியாது. வெள்ளைத் தாளை நான்கு முறை மடித்துத் திறந்தால் மடிப்பில் வெடிக்கும். இத்தனை வருடம் ஆலையைத் திட்டியிருக்கிறேன். நாரின் நீளத்தைத் திட்டியிருக்க வேண்டும்.

நாருக்கு நடுவே லிக்னின் என்கிற பசை இருக்கிறது. பழைய செய்தித்தாள் மஞ்சளாவது அதனால்தான். ஆலையில் காரத்தில் வேக வைத்து அதைக் கரைத்து வெளியேற்றுகிறார்கள். காய்ந்த கட்டையில் ஏறக்குறைய பாதிதான் கூழாகத் தேறும். ஆகவே லிக்னின் கொஞ்சம் குறைந்த மரம் ஒன்று கிடைத்தால், ஒரு சதவீதம் கூழ் அதிகம் கிடைத்தால்கூட ஆலைக்குக் கொண்டாட்டம். கட்டையின் அடர்த்தியும் முக்கியம். மரத்தை வெட்டாமலே அதை அறிய ஒரு கருவி உண்டு, பைலோடின் என்று பெயர். ஸ்பிரிங் விசையில் ஒரு எஃகு ஊசியை மரத்துக்குள் அடிக்கும். ஊசி எவ்வளவு குறைவாக இறங்குகிறதோ அவ்வளவு கெட்டி. இன்னும் துல்லியம் வேண்டுமானால் பென்சில் மாதிரி ஒரு துண்டைக் குடைந்து எடுத்துப் பார்ப்பார்கள்.

"வளர்ச்சிங்கிறது பாதி மண்ணோட புண்ணியம். அடர்த்தி அப்படி இல்லீங்க, அது பிறவியிலயே வர்றது. அதனால அடர்த்திக்குப் பொறுக்கறது சுலபம், வளர்ச்சிக்குப் பொறுக்கறதுதான் கஷ்டம்" என்றார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தம்பியின் எடை அம்மாவின் சமையல், பிடிவாதம் மட்டும் அப்பா.

மூடுபனி அறைக்குள் போனோம். உள்ளே நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி வெளுத்துவிட்டது. தாய்ச்செடியிலிருந்து தளிர் வெட்டி, இலையைப் பாதியாக நறுக்கி, மருந்தில் முக்கி, அடியில் வேர் ஊக்கிப் பொடி தொட்டு, வெர்மிகுலைட் நிரப்பிய கறுப்புக் குழாய்க்குள் குத்துகிறார்கள். குத்துகிற பெண்ணின் கை, தாளை மடிக்கிற என் கடைப் பிள்ளைகளின் கை மாதிரியே ஓடியது. ஒரு மாதத்தில் வேர். அப்புறம் நிழல் வலை, அப்புறம் வெயில். ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருந்த தட்டில் சில நாற்றுகளின் இலைக்காம்பில் அம்மை போட்ட மாதிரி முடிச்சுகள்.

"குளவிங்க. ஒன்றரை மில்லிகூட இருக்காது. காம்புக்குள்ள முட்டை வெச்சுடும்."

லெப்டோசைபி என்று பெயர். இதுவும் ஆஸ்திரேலியப் பிறவிதான். மரம் வந்து இருநூறு வருடம் கழித்துத் தேடிக்கொண்டு வந்திருக்கிறது! 2004இல்தான் இதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். அடுத்த சில வருடங்களிலேயே தென்னிந்திய நாற்றங்கால்களைச் சூறையாடிவிட்டது. ஆண் குளவி இல்லாமலே பெருகுமாம். அதாவது அந்தக் குளவியும் ஒரு வகையில் குளோன்தான். சில குளோன் எண்களில் முடிச்சு மேல் முடிச்சு. பக்கத்துத் தட்டில் இருக்கும் வேறு எண்ணில் ஒன்றுகூட இல்லை. விதை நாற்றாக இருந்திருந்தால் பத்தில் சிலது தப்பும். குளோனில் ஒன்று விழுந்தால் ஏக்கர் முழுக்க விழும். "அதனால ஒரே எண்ணை வைக்காதீங்க. ரெண்டு மூணு எண்ணைத் துண்டு துண்டா வைங்க" என்று தம்பியிடம் மூன்று முறை சொன்னார்.

கிளம்பும்போது இரண்டு நாற்றுகளைக் குழாயோடு கொடுத்தார், இரண்டு வேறு எண்கள். தம்பி அவற்றை வண்டியில் தண்ணீர் பாட்டில் வைக்கும் குழியில் நிறுத்திக்கொண்டான்.

மூன்றாம் நாள்: சின்னாறு, மறையூர், மூணாறு

உடுமலையில் இட்லி, சின்னாறு செக்போஸ்ட்டில் பெயர் எழுத்து, மறையூரில் சந்தனக் காட்டின் வேலி ஓரமாக டீ. வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் இரண்டு கிலோ வாங்கினேன். பாதையைப் பற்றி எழுத எதுவும் இல்லை, எல்லாரும் எழுதியாகிவிட்டது.

மூணாறில் தம்பிக்குத் தெரிந்த ஒருவர், டீ பாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். கீழே நாம் சொல்லும் தைல மரம் இங்கே கிடையாது. இங்கே 'கிராண்டிஸ்'. வேறு இனம், குளிர்ந்த மலைக்கு ஏற்றது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. தேயிலையை வாட்டவும் உலர்த்தவும் அடுப்புக்கு விறகு வேண்டும், அதற்காகவே எஸ்டேட்டுகள் இந்த மரத்தை மலை மலையாக நட்டன. 2014இல் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்களே, அது இந்த கிராண்டிஸுடையதுதான். 11 ஜோடி குரோமோசோம்கள், 36 ஆயிரத்துச் சொச்சம் மரபணுக்கள். அதில் வாசனை எண்ணெய் தயாரிக்கும் மரபணுக் கூட்டம் மற்றச் செடிகளைவிட மிக அதிகம் என்று கண்டார்கள். பாட்டி மூக்கில் வைத்தே சொல்லியிருப்பாள்.

பெரியவர் பழைய கதை ஒன்று சொன்னார். 1970களில் கேரளத்தில் மழை அதிகமான இடங்களில் காட்டை அழித்து யூக்காலி வைத்தார்கள், ஆலைகளுக்காக. பிங்க் நோய் வந்தது. பட்டை மேல் ரோஜா நிறத்தில் பூசணம் படர்ந்து, அதற்கு மேலே இருக்கிற மரம் காய்ந்துவிடும். ரப்பர்காரர்களுக்குப் பழக்கமான நோய்தான், சீக்கு என்பார்கள். ஏக்கர் ஏக்கராகப் போனது. வறண்ட இடத்தில் ஜெயித்த மரத்தை மழைக்காட்டில் கொண்டுபோய் வைத்தால் அது வேறு பரீட்சை அல்லவா? யாரும் அந்த வினாத்தாளை முன்கூட்டிப் பார்க்கவில்லை.

நாற்றுகள் இரண்டும் குளிரில் கொஞ்சம் துவண்டிருந்தன. ராத்திரி அறைக்குள் எடுத்து வைத்தேன். தம்பி சிரித்தான்.

நான்காம் நாள்: வட்டவடை

மாட்டுப்பெட்டி தாண்டி டாப் ஸ்டேஷன் போகும் வழி முழுக்க கிராண்டிஸ். 1924 வெள்ளத்தில், கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தார் 'தொண்ணூற்றொன்பது' என்று சொல்கிற அந்த வெள்ளத்தில், அடித்துப்போன குண்டளை ரயில் பாதையின் கடைசி நிலையம்தான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து பாம்பாடும் சோலைக் காட்டுக்குள் நுழைந்ததும் காது அடைத்தது போன்ற மாற்றம். கிராண்டிஸ் தோப்பில் வெளிச்சம் இருக்கிறது, ஈரம் இல்லை. சோலையில் ஈரம் இருக்கிறது, வெளிச்சம் இல்லை. அரை மணி நேரத்தில் இரண்டையும் கடந்தோம். ஜன்னலை இறக்கி வைத்திருந்த என் தோலுக்கே வித்தியாசம் தெரிந்தது.

வட்டவடையில் எல்லாம் படிக்கட்டு வயல். பேசுவதெல்லாம் தமிழ், கொஞ்சம் பழைய தமிழ். மதுரைப் பக்கத்திலிருந்து முன்னோர் மலையேறி வந்ததாகச் சொல்கிறார்கள். தம்பி பூண்டு எடுக்கும் வீட்டில் ஒரு பெரியம்மா. அவர் மகன் கோவிலூரில் கடை வைத்திருக்கிறார். வீட்டுக்கு மேலே சரிவில் ஒரு கிராண்டிஸ் தோப்பு, கீழே பாதி வயல் தரிசு.

"அந்தச் சரிவுல முன்னாடி ஊத்து இருந்துச்சு தாயி. நாங்க அதுலதான் குடம் வெப்போம். மரம் பெருசாச்சு, ஊத்து சிறுசாச்சு."

இந்த ஒரு வாக்கியத்தை நான் அப்படியே நம்பிவிடத் தயாராக இருந்தேன். தம்பிதான் கேட்டான், மழை குறைந்ததாலும் இருக்கலாம் அல்லவா என்று. நியாயமான கேள்வி. கர்நாடகத்தில் இதை முறையாக அளந்திருக்கிறார்கள். நடுத்தர ஆழ மண்ணில் தைல மரத்தோப்பு குடித்தது, பக்கத்து இலையுதிர் காடு குடித்ததைவிட அதிகம் இல்லை. இரண்டுமே பெய்த மழையை ஏறக்குறைய முழுசாகவே எடுத்துக்கொண்டன. ஆனால் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் ஆழமான விளைநிலத்தில் நட்ட தோப்பு, மூன்று வறண்ட வருடங்களில் பெய்த மழையைவிடவும் அதிகமாகக் குடித்தது. வேர் கீழே கீழே போய், பழைய சேமிப்பை எடுத்துச் செலவழித்திருக்கிறது. ஆக, மரம் எதற்குப் பதிலாக நிற்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காட்டுக்குப் பதிலாக நின்றால் ஒரு கணக்கு, கேழ்வரகு வயலுக்குப் பதிலாக நின்றால் வேறு கணக்கு. வட்டவடையில் அது வயலுக்குப் பதிலாகத்தான் நிற்கிறது.

பெரியம்மாவின் மகன் வேறு ஒரு பக்கத்தைச் சொன்னார். அவர்களாக ஆசைப்பட்டு வைத்தவர்களும் உண்டு. காட்டுப்பன்றி கேரட்டைத் தோண்டும், கிராண்டிஸைத் தொடாது. வெளியூர் போய் வேலை பார்க்கிறவனுக்குக் காவல் தேவையில்லாத பயிர் அது. வெளியாட்கள் வாங்கிய நிலத்தில் நட்டுவிட்டுப் போனதும் உண்டு. இப்போது எடுக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எடுப்பது எப்படி? வெட்டினால் மறுதாம்பு. ஒரு மரத்துக்கு நான்கு மரம். வாளையாரில் நர்சரிக்காரர் எதைப் பெரிய வரம் என்று சொன்னாரோ, அதே குணம் இங்கே சாபமாக நிற்கிறது. கட்டையோடு தோண்டி எடுக்க ஆள் கூலி கட்டுப்படியாகாது.

கர்நாடகம் 2017இல் புதிதாக நடுவதைத் தடை செய்தது. 2024 மே மாதம் கேரளத்தில் வன வளர்ச்சிக் கழகம் யூக்காலி நட அனுமதி தந்த அரசு, எதிர்ப்பு கிளம்பியதும் வெட்ட மட்டும்தான் அனுமதி என்று திருத்திக்கொண்டது. இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொன்னேன். அவருக்கு அதில் அக்கறை இல்லை. வண்டியில் இருந்த இரண்டு நாற்றுகளைப் பார்த்துவிட்டார்.

"இது என்ன, குட்டி கிராண்டிசா?"

"இல்ல பெரியம்மா, கீழ்நாட்டுத் தைல மரம். நல்ல ரகம்" என்றான் தம்பி.

"நல்லதுன்னா?"

தம்பி சொன்னான்: சீக்கிரம் பெருக்கும், நேரா வளரும், கெட்டியா இருக்கும், கூழ் அதிகம் வரும். பெரியம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "தண்ணி?" என்று ஒரே ஒரு சொல் கேட்டார். குறைந்த தண்ணீரில் அதிகக் கட்டை தருகிற குளோனைப் பொறுக்கவும் ஆராய்ச்சி நடக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்த இரண்டு எண்களுக்கு அந்த மார்க் என்ன என்று நாங்கள் நர்சரிக்காரரிடம் கேட்கவே இல்லை. டன் கேட்டோம், வருடம் கேட்டோம், குளவி கேட்டோம். நான் நாரின் நீளம்கூடக் கேட்டேன்.

பூண்டு பன்னிரண்டு மூட்டை ஏற்றினோம். வட்டவடைப் பூண்டு சின்னது, காரம் ஜாஸ்தி. வண்டிக்குள் பூண்டு வாசனை தைல வாசனையை அமுக்கிவிட்டது.

ஐந்தாம் நாள்: திரும்பி வரும் வழி

வட்டவடையின் ஓடைகள் மேற்கே கேரளத்துக்குப் போவதில்லை. பாம்பாற்றில் சேர்ந்து கிழக்கே இறங்கி அமராவதி அணைக்கு வருகின்றன. அணையின் மேல் வண்டியை நிறுத்தி ஆளுக்கொரு பொரித்த மீன் துண்டு சாப்பிட்டோம். தண்ணீர் பாதிக்கும் கீழே. கொழுமம், மடத்துக்குளம் எல்லாம் இந்தத் தண்ணீரில்தான். பெரியம்மாவின் ஊற்று எங்கள் ஊருக்கு மேல்மடை என்பது நாற்பத்தாறு வயதில்தான் எனக்கு உறைத்தது.

தம்பி நர்சரிக்காரருக்குப் போன் போட்டுத் தண்ணீர்க் கேள்வியைக் கேட்டான். எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "வேகமா வளர்றது கொஞ்சம் குடிக்கத்தான் செய்யுங்க. உங்க போர் எத்தனை அடி?" என்றார். எட்டுநூறு என்றான். "அப்ப மூணு ஏக்கரும் வேண்டாம். சாலை ஓரமா இருக்கிற மேட்டு நிலத்துல மட்டும் வைங்க, போர்லேர்ந்து தள்ளி." நாற்று விற்கிறவர் நாற்று வாங்காதே என்கிறார். எனக்கு மறுபடியும் அவரைப் பிடித்தது.

மாமனாரிடம் பேசியபோது அவருக்குக் கோபம். மூன்று ஏக்கரும் ஒரே பயிர், ஒரே வெட்டு, ஒரே தொகை என்பது அவர் கணக்கு. இந்த வயதில் துண்டு துண்டாகப் பார்க்க அவரால் முடியாது. அவர் பக்கமும் தப்பில்லை. மேட்டில் முக்கால் ஏக்கர் தேறும், அதில் ஐந்நூறு நாற்று, இரண்டு எண்கள் என்று தம்பி கடைசியில் பேரம் பேசி முடித்தான். மீதி நிலத்தைப் பற்றித் தீபாவளிக்குப் போகும்போது பேசுவதாக ஏற்பாடு. பேச்சு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கப் போகிறவள் நான்தானே.

வண்டியிலிருந்த நாற்றுகளில் ஒன்று மூணாறுக் குளிரில் போய்விட்டது. இன்னொன்று கடை வாசலில் இருக்கிறது. காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு காம்பு காம்பாகப் பார்த்தேன். முடிச்சு எதுவும் இல்லை. பள்ளி திறக்க இரண்டு வாரம்தான் இருக்கிறது, நாற்பது ரீம் வந்து இறங்கியிருக்கிறது.